சனிக்கிழமைச் சோதனை

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'செக்கர்'. அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசைமேல் துணி ஓடும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நிற்பார். ஓர் இழை விட்டுப்போயிருந்தாலும் சிவப்பு அம்புக்குறி ஒட்டிவிடுவார். பதினாறு வருடம் குறை பார்த்தே பழகியவருக்கு, குறையில்லாத துணியைக் கண்டால்தான் சந்தேகமே வரும். எங்கேயோ மறைத்துச் சுருட்டியிருக்கிறார்கள் என்று மறுபடியும் ஓடவிடுவார்.

வேலை முடிந்து மேசை விளக்கை அணைக்கலாம், கண்ணை எப்படி அணைப்பது? மனைவி செல்போனைக் கவிழ்த்து வைத்தால் ஒரு கேள்வி, நிமிர்த்தி வைத்தால் இரண்டு கேள்வி. எட்டு வருடம் தாங்கிப் பார்த்துவிட்டு அவள் விவாகரத்துக்குப் போனாள். ஆறு வயது மகள் அம்மாவோடு போய்விட்டாள். சனிக்கிழமைதோறும் காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை அப்பாவிடம் இருக்கலாம் என்றது கோர்ட்.

ஐந்து மணிக்குப் பிள்ளை படியிறங்கிப் போனபிறகும் அவர் வாசலிலேயே நிற்பார். ஓர் இரவாவது அவள் தன் வீட்டில் தூங்க வேண்டும், ஞாயிறு காலையில் தலை கலைந்து எழுந்து வருவதைப் பார்க்க வேண்டும். மனிதருக்கு ஆசை அவ்வளவுதான். அதற்கு மனுப் போட்டார். பிள்ளையின் அம்மா ஒரேயடியாக மறுத்தாள்.

"ஆசையா இருக்குன்னு சொன்னா மட்டும் போதாது சார். அங்க சரியா பாத்துக்கறதில்லன்னு காட்ட ஏதாவது வேணும்," என்றார் வக்கீல்.

அவர் பேச்சுவாக்கில் சொன்னது. யாரிடம் சொல்கிறோம் என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம். அடுத்த சனிக்கிழமை, பிள்ளை செருப்பைக் கழற்றியதும் சோதனை தொடங்கிவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி இரண்டு கை, முழங்கால், கழுத்து, முடியைத் தூக்கிப் பிடரி. அப்புறம் பை. 'இடது முழங்கால், சிராய்ப்பு, அரை அங்குலம். சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை.' தேதி போட்டு எல்லாம் நோட்டில் ஏறியது.

"எப்படி விழுந்த?"

"விளையாடறப்போ."

"அப்படிச் சொல்லச் சொன்னாளா உங்கம்மா?"

பிள்ளை கொஞ்சம் யோசித்தாள். "தெரியலப்பா."

அதையும் எழுதிக்கொண்டார், பாவி மனுஷன்.

அவர் யாரைத்தான் நம்பினார்? கோர்ட் வராந்தாவில் தன் வக்கீலும் அவள் வக்கீலும் ஒரே பெஞ்சில் டீ குடித்துச் சிரித்ததைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கவுன்சலிங் அம்மா அவளைத்தான் முதலில் உட்காரச் சொன்னார். அதுவும் நோட்டில் ஏறியது.

விசாரணை நாளன்று நீதிபதி அம்மா நோட்டை மெதுவாகப் புரட்டினார். மூடிவைத்துவிட்டு, பிள்ளையை மட்டும் தன் அறைக்கு அழைத்துக்கொண்டார். கதவு சாத்தியே இருந்தது. எதிர்ப் பெஞ்சில் இருந்தவள் முகத்தில் பதற்றமே இல்லை என்று இவருக்குப் பட்டது. பின்னே? கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல எல்லாம் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பியிருப்பாள்.

இருபது நிமிடம் கழித்து, பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

"நான் வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே உங்க பொண்ணு ஜன்னல்கிட்ட போய் நின்னா," என்றார் நீதிபதி. "ரெண்டு கையையும் நீட்டினா. திரும்பி நின்னு முடியத் தூக்கிக் காட்டினா. என்னம்மா இதுன்னு கேட்டேன். 'பாத்துட்டு எழுதிக்கோங்க'ன்னா."

நீதிபதி பிள்ளையின் அம்மா பக்கம் திரும்பினார். "காலையில அப்பா பாப்பாராம். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நீங்க பாப்பீங்களாம். உங்க நோட்டும் கைப்பையிலதானே இருக்கு?"

அவள் தலை கவிழ்ந்தது. எட்டு வருடம் ஒரு கூரையின்கீழ் இருந்தவர்கள் முதல்முறையாக ஒன்றுபோல வெட்கப்பட்டார்கள்.

சனி இரவு அப்பா வீட்டில் தங்கலாம் என்றே உத்தரவானது. ஆனால் இனி இருவரும் பிள்ளையின் உடம்பையோ பையையோ சோதிக்கக் கூடாது, துருவிக் கேட்கக் கூடாது, எழுதி வைக்கக் கூடாது.

"இதுல ஏதாவது உள்குத்து இருக்குமா?" என்று வக்கீலிடம் கேட்டார் செக்கர்.

"பொண்ணு தங்கப்போறா இல்ல? போய்த் தலகாணி வாங்குங்க சார்."

வாங்கினார். பூப்போட்ட உறை. கடைக்காரர் சுற்றிக்கொடுத்ததைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கொண்டுவந்தார். அவருக்கு அது பெரிய விஷயம்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பிள்ளை வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே ஜன்னலுக்குப் போய்க் கைகளை நீட்டினாள். முழங்கையில் புதிதாக ஒரு பிளாஸ்டர். அவர் கண் அங்கேதான் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

"வேணாம்டா கண்ணு. இனிமே அப்பா பாக்க மாட்டேன்."

கைகள் உடனே இறங்கவில்லை. பிள்ளை அவர் முகத்தையே பார்த்தாள். உள்ளறையில் விரித்திருந்த படுக்கையையும் புதுத் தலையணையையும் பார்த்தாள்.

"அப்போ நான் தூங்கினப்புறம் பாப்பீங்களாப்பா?"

"ஐயோ, இல்லடா. சத்தியமா இல்ல."

"சரிப்பா," என்று சொல்லிவிட்டு, பிளாஸ்டர் ஒட்டிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவள் நம்பவில்லை.