கோல்பெயின் நிற்காமல் போன வீடு

ஹாப்னர்ஃபியோர்தூரில் நகரப் பேருந்து ஓட்டும் கோல்பெயினுக்குச் சுற்றுவது ஒன்றும் புதிதல்ல. துறைமுகத்தில் கிளம்பி, நீச்சல்குளம், பள்ளிக்கூடம், எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கிற கரடு என்று ஊரையே வளைத்துவிட்டு மறுபடியும் துறைமுகத்துக்கே வந்து நிற்கிற வண்டி அவருடையது. தலை கருப்பாக இருந்த காலத்திலிருந்து அதைத்தான் ஓட்டுகிறார். ஆனால் நம் தீவைச் சுற்றி ஓடுகிற நெடுஞ்சாலையை, நேற்று விமானத்தில் வந்து இறங்கிய வெளிநாட்டுப் பொடியன்கள்கூட ஒரே வாரத்தில் சுற்றி முடித்துவிட்டுப் படம் போடுகிற அந்த ஒற்றைச் சாலையை, அவர் ஒன்பது வருஷமாக முழுசாகச் சுற்றியதில்லை. இத்தனைக்கும் கோடை வந்தால் குடும்பத்தில் திட்டம் போடுகிறவர் அவர்தான்.

திட்டம் என்றால் ஏனோதானோ என்று இல்லை. மே மாதமே சமையலறை மேசையில் வரைபடம் விரிந்துவிடும். அதன் நான்கு மூலையிலும் காபிக் கோப்பைகள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எந்த ஊர் நீச்சல்குளத்தில் சுடுநீர் நன்றாக இருக்கும், எந்தப் பெட்ரோல் கடையில் சாசேஜ் ரொட்டிக்கு வறுத்த வெங்காயத்தை அள்ளிப் போடுவார்கள், எங்கே கூடாரம் போட்டால் காற்று அடிக்காது, எல்லாம் முடிவாகும். முடிவாகாதது ஒன்றே ஒன்றுதான். இடமாகப் போவதா, வலமாகப் போவதா? அதைக் கிளம்புகிற அன்று காலையில்தான் சொல்ல முடியும். நம் ஊரில் கோடைக்காலம் ஓரிடத்தில் நிற்கிற வழக்கமில்லை. இன்றைக்குத் தெற்கே இருக்கும், நாளைக்கு வடக்கே போய்விடும். நாமும் காருக்குப் பின்னால் சக்கரம் வைத்த மடிப்புக் கூடாரத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடுவோம். நம் வானிலைக்காரர் மழை என்றால் நார்வேக்காரன் தன் வானிலைத் தளத்தில் என்ன சொல்கிறான் என்று பார்ப்போம். நார்வேக்காரனும் மழை என்றால் இருவரையும் திட்டுவோம்.

கோல்பெயினுக்கு இந்த வழக்கம் ரொம்பவும் வசதியாகப் போயிற்று. ஒரு வருஷம் தெற்கு வழியாகக் கிளம்பி ஹோப்ன் வரை போவார். "மேல போனா மழை" என்று திரும்பிவிடுவார். மறு வருஷம் வடக்கு வழியாக எகில்ஸ்டாதிர் வரை போவார். "தெற்க காத்து, கூடாரம் பறந்துடும்" என்று திரும்பிவிடுவார். இப்படியாக இந்த இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு துண்டுச் சாலை மட்டும் அவர் சக்கரம் படாமலே மிஞ்சிக்கொண்டு வந்தது. அந்தத் துண்டில், கடல் உள்ளே நீளமாகப் புகுந்திருக்கிற ஒரு குடாவின் கரையில், அவருடைய அண்ணன் ஸ்டைனரின் ஆட்டுப் பண்ணை இருந்தது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை எதுவும் வேண்டாம். நீச்சல்குளத்துச் சுடுநீர்த் தொட்டியில் கழுத்தளவு மூழ்கிக்கொண்டு நாட்டு நடப்பைத் தீர்த்துவைக்கிற கூட்டத்துக்குக்கூடத் தெரிந்திருந்தது.

"என்ன கோல்பெயின், இந்த வருஷம் எதுவரைக்கும்?" என்று கேட்டார் ரேனிர். ஓய்வுபெற்ற மீன்பிடிக் கப்பல் சமையல்காரர் அவர், யாரையும் சீண்டாமல் விடுவதில்லை.

"முழுசா சுத்தப் போறோம்."

"போன வருஷமும் இதே தொட்டியில இதைத்தான் சொன்ன. தண்ணிகூட மாத்திட்டாங்க. உன் பேச்சு மாறல."

"வானிலை ஒத்துழைக்கணும்ல?"

"வானிலைக்கு வாயிருந்தா உன்மேல கேஸ் போடும்யா" என்றார் ரேனிர். தொட்டியே சிரித்தது. கோல்பெயினும் சிரித்துவைத்தார்.

அந்த வருஷம் கோல்பெயினின் மனைவி ஓட்னிக்கு அறுபது வயது. பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவள், அடுத்தவர் வாயைத் திறக்கவைப்பதில் கைதேர்ந்தவள். வரைபடம் விரிந்த அன்றே கோப்பையோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவை முழு வளையம். பாதியில திரும்பறதுன்னா நான் வரல. நீ தனியாவே போ."

"வானிலை எப்படியிருக்குன்னு பாத்துட்டு..."

"வானிலையை விடு. நான் பொறந்த தீவை ஒரு தடவையாவது முழுசா பாக்கணும்."

"அதான் கல்யாணமான புதுசுல பாத்தோமே?"

"அப்ப ரோடு கரடுமுரடா இருந்துச்சு, நீ நல்லா இருந்த. ரோட்டுக்குத் தார் போட்டு நல்லாக்கிட்டாங்க. உன்னைத்தான் ஒண்ணும் பண்ண முடியல."

கோல்பெயின் வரைபடத்தில் விரலை ஓட்டினார். குடாவின் அடியில் வந்ததும் விரல் கரையைச் சுற்றாமல் மலைமேல் ஏறிற்று. "இங்க குறுக்கால ஏறிடலாம். அந்தப் பக்கமெல்லாம் சுத்த வேண்டாம். பெட்ரோலும் மிச்சம்."

"கூடாரத்தைக் கட்டி இழுத்துக்கிட்டு அந்த ஏத்தத்துலயா? பஸ் ஓட்டறவன் பேசற பேச்சா இது?"

"கூடாரத்தை விட்டுடுவோம். ஹோட்டல்ல தங்கிக்கலாம்."

ஓட்னி கோப்பையைக் கீழே வைத்தாள். வெளிநாட்டுக்காரர்களிடம் கறக்கிற விலைக்குச் சொந்த நாட்டிலேயே அறை எடுத்துத் தூங்குகிறவன் பைத்தியக்காரன் என்று ஆயுசு முழுக்கச் சொல்லிவந்த மனிதர் இவர்.

"ஹோட்டலா? ஸ்டைனரைப் பாக்க உனக்கு அவ்வளவு பயமா, கோல்பெயின்?"

கோல்பெயின் வரைபடத்தை மடிக்க ஆரம்பித்தார். பயம்தான். அதைச் சொல்வதற்கென்ன, ஊருக்கே தெரிந்ததுதானே.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூலையில், ஸ்டைனரின் மனைவி ஸ்வாலா தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள். "எங்க பக்கமாத்தானே வர்றீங்க? பான்கேக் சுட்டு வைக்கறேன். க்ரீமும் இருக்கு" என்றாள். உறவுக்காரர் வீட்டு வாசலை ஒரு வாய் காபி குடிக்காமல் தாண்டிப் போவதென்பது நம்மிடையே கிடையாது. அப்படித் தாண்டினால் அது பேச்சில் வராது, மனசுக்குள்ளேயே கிடக்கும். அன்று குடாவை நெருங்கும்போது கோல்பெயின் போனில் வானிலையைப் பார்த்துவிட்டார். மலைக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரைக் காட்டில் கொளுத்துகிற வெயில். தீவு மொத்தமும் கூடாரத்தை இழுத்துக்கொண்டு அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கும், சுணங்கினால் இடம் கிடைக்காது. "திரும்பி வரும்போது நிப்போம்" என்றார். ஓட்னிக்கு மனசில்லை. பின்னால் இருந்த பிள்ளைகளோ வெயில், வெயில் என்று கத்தினார்கள். பண்ணை வாசலை வேகமாகத் தாண்டிப் போனார்கள். திரும்புகிற நாள் வந்தபோது வெயில் வடக்கே போயிருந்தது. இவர்களும் வடக்கே போனார்கள்.

இலையுதிர் காலத்தில் ஸ்வாலா இறந்துபோனாள். கோடையிலேயே அவளுக்கு வியாதி முற்றியிருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல்தான் பான்கேக்குக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்லோரும் காபி குடிக்கும்போது ஸ்டைனர் தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நேரம் கிடைச்சு வந்தியே" என்றார். அவ்வளவுதான். அந்த வார்த்தையை கோல்பெயினால் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கார் வேகமாகத்தானே போயிற்று, அவள் கவனித்திருக்க மாட்டாள் என்று மட்டும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த ஒரு சமாதானத்தை வைத்துக்கொண்டே இத்தனை வருஷத்தையும் ஓட்டிவிட்டார்.

கடைசியில் ஓட்னி சொன்னதுதான் நடந்தது. ஜூலையில், கூடாரத்தோடு, தெற்கு வழியாக, முழு வளையம் என்று கிளம்பினார்கள்.

அந்தப் பயணத்தில் கோல்பெயின் காட்டிய நிதானத்தை அவருடைய பேருந்துப் பயணிகள் பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்கள். கண்ணில் பட்ட பெட்ரோல் கடையிலெல்லாம் நின்று சாசேஜ் ரொட்டி தின்றார். ஊருக்கு ஊர் நீச்சல்குளத்தில் ஊறினார். ஒற்றை வண்டி மட்டும் போகிற பாலங்களில் எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு ஈ காக்கா இல்லாதபோதும் யாராவது வரக்கூடும் என்று காத்திருந்தார். கூழாங்கல் மேட்டில் சக்கரம் புதைந்து விழித்துக்கொண்டிருந்த வெளிநாட்டு ஜோடி ஒன்றை இழுத்துவிட்டு, காற்றில் கார்க் கதவை எப்படிப் பிடித்துக்கொண்டு திறக்க வேண்டும் என்று அவர்களுக்கு நீண்ட பாடமும் நடத்தினார்.

ஹோப்னில் காலையில் எழுந்ததும் நம்பிக்கையோடு போனைப் பார்த்தார். கிழக்கு முழுக்க வெயில். காற்றுகூட இல்லை. வந்த வழியில்தான், தெற்கு முழுவதும், மழை கட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் போக ஒரு சாக்குக்கூட வைக்காமல் வானமே சதி செய்துவிட்டது.

"என்ன சொல்றான் நார்வேக்காரன்?" என்று கேட்டாள் ஓட்னி.

"வெயிலாம்" என்றார் கோல்பெயின், சாவுச் செய்தி சொல்கிற குரலில்.

குடாவின் கரையில் கார் ஓடும்போது ஓட்னி வாயைத் திறக்கவில்லை. நில் என்று அவள் சொல்லிவிட்டால் சண்டை போடலாம், சண்டையிலேயே வீடு தாண்டிவிடும். அவள் சொல்லாததால் எல்லாம் கோல்பெயின் தலையில் வந்து விழுந்தது. பண்ணையின் சிவப்புக் கூரை தெரிந்தது. முன்னும் பின்னும் ஒரு வண்டியும் இல்லை. இருந்தும், நிறுத்தம் வருகிறபோது செய்வது போல, நெடுந்தூரத்துக்கு முன்பே திரும்புகிற விளக்கைப் போட்டார். அது டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே வந்தது. பண்ணைப் பாதையில் கார் திரும்பியது.

கதவைத் தட்டினார். பதில் இல்லை. அந்தப் பக்கத்தில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. தள்ளினால் திறந்துகொண்டது. "ஸ்டைனர்!" என்று கூப்பிட்டுப் பார்த்தார். கொட்டிலில் ஆடும் இல்லை, முற்றத்தில் காரும் இல்லை. ஆள் எங்கேயோ போயிருக்கிறார். கோல்பெயினுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வந்தாயிற்று, நின்றாயிற்று, ஆள் இல்லாததற்கு நான் என்ன செய்ய என்று மனசு அப்போதே கணக்கைத் தீர்க்கப் பார்த்தது. ஓட்னி வெளியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் குடிக்கலாம் என்று சமையலறைக்குள் போனார். குழாய்க்கு நேர் மேலே ஜன்னல். ஜன்னலில் குடா முழுசும் தெரிந்தது. எதிர்க்கரையில் வெள்ளை வேன் ஒன்று ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கோல்பெயின் குழாயைத் திறக்காமல் அதையே பார்த்தார். வேன் எதிர்க்கரை நெடுகிலும் வந்தது. குடாவின் அடியைச் சுற்றியது. இந்தக் கரைக்கு வந்து, வீட்டை நோக்கி வந்து, வாசலைத் தாண்டி, தூரத்து முனை வரை போய் மறைந்தது. அது கண்ணில் பட்டதிலிருந்து மறைவதற்குள் அடுப்பில் காபியே கொதித்து இறங்கியிருக்கும். ஒரு பான்கேக்கும் சுட்டிருக்கலாம்.

வேகமாகத் தாண்டிவிட்டோம் என்று நினைத்திருந்தாரே. இந்த ஜன்னலில் நிற்கிறவளுக்கு வேகமாவது ஒன்றாவது. வருவதையும் முழுக்கப் பார்த்திருப்பாள், போவதையும் முழுக்கப் பார்த்திருப்பாள். கோல்பெயினுக்கு வெட்கமாக இருந்தது. அண்ணியின் சமையலறையில் நின்று வாய்விட்டு அழுதார்.

அப்போது போன் அடித்தது. ஊரில் பக்கத்து வீட்டு பிர்னா.

"கோல்பெயின், உங்க வாசப்படியில யாரோ ஒரு ஆளு உட்காந்திருக்காரு. காலைலேர்ந்து நகரல. மூக்கு மட்டும் அப்படியே உன் மூக்கு. போலீஸைக் கூப்பிடவா, காபி குடுக்கவா?"

"போனை அவர்கிட்ட குடு" என்றார் கோல்பெயின்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்றது அண்ணனின் குரல்.

"உன் சமையலறையில நிக்கறேன்."

அந்தப் பக்கம் கதவுக் கைப்பிடியை ஆட்டுகிற சத்தம் கேட்டது. "உன் வீடு பூட்டியிருக்கு" என்றார் ஸ்டைனர்.

"உன் வீடு திறந்திருந்துச்சு. நீ எதுக்கு அங்க போன?"

"ஆட்டையெல்லாம் வித்துட்டேன். எனக்கு இதுதான் மொத லீவு. ஒவ்வொரு ஜூலையும் அந்த ஜன்னல்ல நின்னு ரோட்டைப் பாத்தது போதும்னு தோணுச்சு. அக்குரேரியில மகளைப் பாத்துட்டு வடக்கால வந்தேன்."

கோல்பெயின் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அன்னைக்கு நான் நிக்காமப் போனேன், ஸ்டைனர்."

"தெரியும்."

"ஸ்வாலா பாத்தாளா?"

"பாத்தா. நானும் பக்கத்துலதான் நின்னேன். நீ முனை திரும்பற வரைக்கும் நின்னோம். 'பிள்ளைங்களுக்கு வெயில் கிடைக்கட்டும்'னா. உன்னை ஒரு வார்த்தை திட்டல. அதுதான்டா எனக்குப் பொறுக்கல."

கோல்பெயின் ஜன்னல் வழியே அந்த முனையைப் பார்த்தார். ஸ்டைனர்தான் மேலே பேசினார். "நீங்க ரெண்டு பேரும் அங்கயே இருங்க. இப்பவே கிளம்பி வர்றேன். தெற்கு வழிதான் கிட்ட."

"தெற்கால வராத" என்றார் கோல்பெயின் அவசரமாக. இத்தனை நேரத்துக்குப் பிறகு தனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று வந்துவிட்டது அவருக்கு. "அந்தப் பக்கம் முழுக்கக் கொட்டற மழை. சுத்துன்னாலும் பரவால்ல, வடக்காலயே வா. அங்க வெயில் அடிக்குது."

"காபி குடிக்க வர்றவன் வானிலை பாக்க மாட்டான்டா" என்று சொல்லிவிட்டு ஸ்டைனர் போனை வைத்தார்.