அட்டைகள் மெலிந்த மாரி

கடலட்டை வேலைக்குச் சேர்ந்தபோது என் கையில் கிடைத்தவை ஒரு தராசும் ஒரு கொப்பியும்தான். பதினைந்து நாளுக்கொருமுறை பாலையூற்றிலிருந்து பஸ் ஏறி மூதூருக்குப் போவேன். அங்கே கரையோரம் வலையடைத்த பண்ணையில் அட்டைகளை நிறுத்துப் பதிவதுதான் என் வேலை. பண்ணையை நடத்தியவர் என்னைவிடப் பத்து வயது மூத்த பெண். நான் அவரை ராத்தா என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

மாரி தொடங்கி ஆற்றுவெள்ளம் குடாவுக்குள் இறங்கியதும் கடல் தேத்தண்ணி நிறமானது. அதன்பிறகு ஒவ்வொருமுறையும் அட்டைகளின் எடை குறைந்தது. அட்டை வளர்ப்பைப் படித்துவிட்டு வந்த எனக்கு வெட்கமாக இருந்தது. கடற்பாசியை உலர்த்திப் பொடியாக்கிப் பை நிறையக் கொண்டுபோய்த் தீனியாகத் தூவினேன். அடுத்தமுறை போனபோது பொடி அப்படியே கிடந்து நாறியது. அட்டைகளைக் காணவில்லை.

ராத்தா இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, மணலுக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வாடிய பாகற்காய் போல இருந்தது.

"இதுகள் இப்ப தின்னாது தங்கச்சி. படுத்துக் கிடக்குதுகள். விடுங்க."

நம்ப மனமில்லாமல், செத்துக்கிடந்த ஒன்றை வெட்டிப் பார்த்தேன். கோடையில் மணலால் முட்டியிருக்கும் குடல் நூலாய்ச் சுருங்கியிருந்தது. நல்ல காலத்தில் உடம்புக்குள் சேர்த்ததைக் கொஞ்சங்கொஞ்சமாகச் செலவழித்து அவை மழைக்காலத்தைக் கடத்துகின்றன என்று அப்போதுதான் விளங்கியது. அன்று எடையை எழுதக் கை கூசவில்லை.

தை கழிந்து தண்ணீர் தெளிந்தது. அட்டைகள் மேலே வந்து மணலை விழுங்கத் தொடங்கின. அவை போன வழியெல்லாம் இடியப்பம் பிழிந்ததுபோல மணல் நெளிந்து கிடந்தது. பங்குனியில் ஒன்றைத் தூக்க ஒரு கை போதவில்லை. தராசு முள்ளைப் பார்த்து இருவரும் சிரித்தோம்.

பௌர்ணமிக்கு மறுநாள் பின்னேரம் ராத்தா சட்டென்று என் கையைப் பிடித்தார். நாலைந்து அட்டைகள் முன்பாதியை நிமிர்த்தி, படமெடுத்த பாம்புபோல ஆடிக்கொண்டிருந்தன. தலைப்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஏதோ புகைந்தது. அட்டைகளுக்கு ஏதும் நோய் வந்துவிட்டதோ என்று அவர் பயந்தார்.

"இல்ல ராத்தா, இனம் பெருக்குதுகள். இவ்வளவு நாளும் திண்டு சேர்த்தது இதுக்குத்தான்" என்றேன்.

அவர் கரையில் வலை பார்த்து நின்ற தன் மச்சாளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். தண்ணீர் கலங்கிவிடுமென்று மூவரும் அசையாமல் நின்றோம். வெண்மை எங்கள் முழங்காலைச் சுற்றிப் போனது. என் பஸ்ஸும் போய்விட்டது. ராத்தா வீட்டில் பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

அடுத்தமுறை முதலில் நிறுத்த அட்டையின் எடை மறுபடி குறைந்திருந்தது. நான் வாய் திறக்குமுன் ராத்தா சொன்னார்: "பிள்ளை பெத்த உடம்பு, இளைக்கும்தானே."

இருவரும் சிரித்த சிரிப்பில் பார்த்த எடையை மறந்து, அந்த அட்டையை இன்னொரு தரம் நிறுத்தேன்.