என் பெட்டியில் இரண்டு அஞ்சு

அடுத்தவர் பெட்டியில் அஞ்சைப் போடக் கூடாது. என் கணவருக்குக் கிரிபேஜ் என்ற சீட்டாட்டத்தைச் சொல்லிக்கொடுத்த முதல் நாளே இதைச் சொன்னேன். அவர் வறுத்த கடலையை உரித்துக்கொண்டே, "அஞ்சு மேல உனக்கு அப்படி என்னா பாசம்?" என்று கேட்டார்.

செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் நான் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். அறையைக் காலி செய்கிறவர்கள் விட்டுப்போகும் சாமான்களுக்கென்று அங்கே ஓர் அலமாரி உண்டு. கொசுவலை, யோகா பாய், பாதி தீர்ந்த வெயில் கிரீம். அதற்குள்தான் அந்தப் பலகை கிடந்தது. வரிசை வரிசையாக ஓட்டை போட்ட நீளமான மரப்பலகை. கூடவே ஒரு சீட்டுக்கட்டும், ஆங்கிலத்தில் ஒரு சின்னப் புத்தகமும். ரொம்ப நாள் யாரும் தேடி வராததால் முதலாளியிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கடலைக்கொல்லையில் குனிந்து நிமிர்ந்து என்னை பி.காம். வரை படிக்கவைத்தார்கள். கையில் ஒரு புத்தகம் கிடைத்து, அது புரியவில்லை என்று மூடிவைப்பது எனக்கு வராது. புரியாத இடத்தை மறுபடி மறுபடி படித்து, ஒருவரும் சொல்லித்தராமல் அந்த ஆட்டத்தை நானே கற்றுக்கொண்டேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைக்கவும் மாட்டேன்.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு ஆறு சீட்டு. நான்கை வைத்துக்கொண்டு இரண்டைக் கவிழ்த்துப் போட்டுவிட வேண்டும். இருவரும் போடுகிற அந்த நான்கு சீட்டும் சேர்ந்ததுதான் பெட்டி. பெட்டி ஒரு முறை எனக்கு, அடுத்த முறை அவருக்கு. யாருடைய முறையோ, கடைசியில் அதிலிருக்கும் புள்ளிகள் அந்த ஆளுக்குத்தான். என் பெட்டி என்றால் நல்லதாகப் பார்த்துப் போடுவேன். அவர் பெட்டி என்றால் உதவாததைப் பொறுக்கிப் போடுவேன். கூட்டினால் பதினைந்து வருகிற சீட்டுகளுக்கும், ஒரே மாதிரி ஜோடிக்கும் இரண்டிரண்டு புள்ளி உண்டு. பத்து, ஜாக், ராணி, ராஜா நான்குக்கும் மதிப்பு பத்துதான் என்பதால், அஞ்சு இவற்றில் எதோடு சேர்ந்தாலும் பதினைந்து ஆகிவிடும். அதனால்தான் அஞ்சின் மேல் அத்தனை பாசம். புள்ளிக்குத் தகுந்தபடி பலகையின் ஓட்டைகளில் குச்சியை நகர்த்த வேண்டும், முதலில் பலகையை முடிக்கிறவருக்கு ஜெயம். குச்சிகள் தொலைந்துபோயிருந்ததால் நாங்கள் தீக்குச்சி வைத்து ஆடினோம்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதைக்குப் பின்தெருவில் மாடி வீட்டில் குடியிருக்கிறோம். வாடகை வாங்க மேலே வந்த வீட்டுக்கார அம்மா முதல் தடவை எங்களைப் பார்த்து, "ஐயய்ய, சீட்டா? காசு வெச்சா ஆடறீங்க?" என்று வாயில் கை வைத்தார். "காசு இல்ல அத்தை, சும்மா கணக்குதான்" என்றேன். "கணக்குன்னா எதுக்கும்மா ராஜா ராணி படம்?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கினார். காசு வைத்து நாங்கள் ஆடியதே இல்லை. வேறு ஒன்றை வைத்து ஒரே ஒரு முறை ஆடினோம்.

விடுதியில் மேலாளர் வேலை காலியானது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நீயே பாத்துக்கறியாம்மா?" என்றார். விடிவதற்குள் வந்து திறக்க வேண்டும், பௌர்ணமி சமயத்தில் அங்கேயே கிடக்க வேண்டும், அதனால் பக்கத்தில் குடியிருக்கிறவராக இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை பதில் சொல்லச் சொன்னார். அதே வாரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமியார் பேசினார். வீட்டு மாடியில் எங்களுக்கென்று இரண்டு அறை கட்டி முடித்தாயிற்று, டைல்ஸ் போட்டாயிற்று, ஆவணி பிறந்ததும் வந்துவிடுங்கள் என்றார். அங்கிருந்து பஸ் பிடித்து வந்து விடியற்காலையில் விடுதியைத் திறக்க முடியாது. அங்கே போனால் எனக்கு அந்த வேலை இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

கணவர் இங்கேயே டவுனில் பைக் சர்வீஸ் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறார். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டால், "அம்மா ஆசையா கட்டியிருக்காங்க" என்பார். "சரி, உங்களுக்கு?" என்றால், "பாக்கலாம்" என்பார். இப்படியே ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆகிவிட்டது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தவர், பாயை விரித்துப் பலகையை நடுவில் வைத்தார்.

"ஒரே ஆட்டம். நீ ஜெயிச்சா இங்கயே இருந்துடலாம். நான் ஜெயிச்சா ஊருக்குப் போயிடலாம். அதுக்கு மேல பேச்சு கிடையாது."

"நெஜமாவா சொல்றீங்க?"

"ஏன், பயமா?"

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. எங்கள் ஆட்டங்களில் பெரும்பாலும் ஜெயித்தது நான். தோற்றுவிடுவேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் அன்று சீட்டு எனக்கு விழவில்லை. அவருடைய தீக்குச்சி முன்னால் போய்க்கொண்டே இருந்தது. கடைசிக் கைக்கு வந்தபோது அவருக்கு இன்னும் ஏழு புள்ளி வந்தால் ஆட்டம் முடிந்துவிடும். எனக்கு இருபது வேண்டும். பெட்டி என்னுடையது. அவர் ஆறு சீட்டையும் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கீழே யாரோ வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை. வழக்கமாக அந்தச் சத்தத்தைக் கேட்டாலே, "பிளக்கைத் துடைக்கணும்" என்பார். அன்று அது அவர் காதில் விழவில்லை. இரண்டு சீட்டை எடுத்து என் பக்கம் கவிழ்த்து வைத்தார்.

கட்டிலிருந்து இருவருக்கும் பொதுவாகத் திருப்புகிற நடுச்சீட்டாக ராணி வந்தது. பெட்டி என்னுடையது என்பதால் முதலில் அவர்தான் எண்ண வேண்டும். ரெண்டு, நாலு, ஒன்பது, ஜாக் என்று நான்கையும் பாயில் வைத்தார். தேறியது இரண்டே புள்ளி. என் கையில் பன்னிரண்டு வந்தது. இன்னும் எட்டு வேண்டும். பெட்டியைத் திருப்பினேன். பதினான்கு. தீக்குச்சியை வைக்கக்கூட இடம் இல்லாமல் பலகை முடிந்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்தது.

"போச்சு" என்றார் அவர். போனை எடுத்துக்கொண்டு வெளியே மொட்டைமாடிப் பக்கம் போனார்.

பெட்டிச் சீட்டுகளை அள்ளும்போதுதான் பார்த்தேன். பத்தும் ராஜாவும் நான் போட்டவை. மீதி இரண்டு, ஆர்டின் அஞ்சு, கிளாவர் அஞ்சு. எனக்கு முதலில் புரியவே இல்லை. என் சீட்டுத்தானோ என்று கையைப் பார்த்தேன். இல்லை. அவர் வைத்திருந்த அந்த உதவாத நான்கையும் இதன் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்தேன். அஞ்சு இரண்டையும் கையிலேயே வைத்திருந்தால் அவருக்குப் பத்து புள்ளி. என் முறை வருவதற்கு முன்பே ஆட்டம் முடிந்திருக்கும். கீழ்பென்னாத்தூருக்கு மூட்டை கட்டியிருப்போம்.

விட்டுக்கொடுத்திருக்கிறார். சந்தோஷப்பட வேண்டிய இடம்தான் என்று இப்போது சிலர் சொல்லக்கூடும். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த நிமிஷம்தான் வெளியே அவர் பேசுவது கேட்டது.

"நான் எவ்ளோவோ சொல்லிப் பாத்துட்டேம்மா. அவ ஒத்தக் கால்ல நிக்கறா. வரவே மாட்டேங்கறா. நான் வரத்தான் பாத்தேன்... என்னை என்னா பண்ணச் சொல்ற?"

இரண்டு சீட்டும் கையிலேயே இருந்தன. அவர் உள்ளே வந்தார்.

"இது யார் போட்ட அஞ்சு?"

"எது?"

"என் பொட்டில இருக்கற ரெண்டு அஞ்சு."

"தெரியாம விழுந்துருக்கும்."

"ஒண்ணு தெரியாம விழும். ரெண்டுமா விழும்?"

அவர் சிரிக்கப் பார்த்தார். "ஜெயிச்சவ சண்டைக்கு வர்றத இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"அம்மாகிட்ட என்னா சொன்ன?" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். அன்று அது வரவில்லை.

அவர் பாயில் உட்கார்ந்தார். "எனக்கும் அங்க போக இஷ்டம் இல்லடி. சத்தியமா. அம்மா மூஞ்சியப் பாத்து அதைச் சொல்ல வரல."

"அதனால நான் சொன்னேன்னு சொல்லிட்ட."

"நீ வரமாட்டேன்னுதான சொன்ன?"

"நான் சொன்னேன். நீ சொன்னியா?"

அவர் தீப்பெட்டியைத் திறந்து மூடினார். "நாலு வார்த்தை திட்டுவாங்க, அவ்ளோதான. நீ படிச்சவ. தாங்கிப்ப. நான் சொன்னா அவங்க ஒடஞ்சிடுவாங்க."

திகைத்துப்போனேன். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. என் படிப்பு எனக்கு எதையெல்லாம் தந்தது என்று நானே பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அடி விழுந்தால் தாங்குகிற தோல் என்று ஒருவர் அதை எண்ணி வைத்திருப்பார், அதுவும் இவர், என்று நினைத்ததே இல்லை. அவர் எனக்கு ஜெயத்தைக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வர மறுத்த மருமகள் என்ற பெயரைக் கவிழ்த்துப் போட்டு என் பக்கம் தள்ளியிருக்கிறார். நானும் அதைத் திருப்பிப் பார்த்துப் பதினான்கு என்று கத்தியிருக்கிறேன்.

"முன்னாடி நான் ஜெயிச்சதெல்லாம்?"

"அதெல்லாம் நீயா ஜெயிச்சதுதான். சத்தியமா."

அன்றைக்கு இரண்டாவது சத்தியம். எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

போனை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "நாளைக்கு அந்த வேலைக்கு நான் சரின்னு சொல்லப்போறேன். அது இந்த ஆட்டத்தால இல்ல, நான் முடிவு பண்ணது. உன் முடிவை நீ சொல்லு."

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழுத்தினார், ஸ்பீக்கரையும் அவரே போட்டார். "அம்மா... எனக்குத்தான் அங்க வர இஷ்டம் இல்ல. அவ மட்டும் இல்ல. நானும்தான்."

அந்தப் பக்கம் மாடு கத்தியது. அப்புறம் மாமியார் நிதானமாகக் கேட்டார்: "அவ பக்கத்துல நிக்கறாளா?"

கணவர் தன் வாயால் சொன்ன சொல்லும் என் கணக்கில்தான் விழுகிறது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் அடிபட்டதுபோல இருந்தது. தான் செய்தது என்ன என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"நிக்கறா. ஆனா சொல்றது நான்."

"டைல்ஸ் எல்லாம் பாத்துப் பாத்துப் போட்டேன்டா."

"தெரியும்மா. மொதல்லயே சொல்லாதது என் தப்பு."

மாமியார் வைத்துவிட்டார். இன்றுவரை அவர் இதை நம்பவில்லை. ஊருக்குப் போனால் காபி கொடுப்பார், நலம் கேட்பார். பக்கத்து வீட்டாரிடம், "என் புள்ளைக்கு வாயில வார்த்தை வராது, யாரோ வரவெச்சாங்க" என்று என் காதில் விழும்படி சொல்வார். இப்போது கணவர் குறுக்கே, "யாரும் வரவெக்கல" என்று சொல்கிறார். சத்தமாக இல்லை. ஆனால் சொல்கிறார்.

திங்கட்கிழமை விடுதிச் சாவியை வாங்கிக்கொண்டேன். அந்த வாரம் முழுக்கப் பலகையை நான் தொடவில்லை. பௌர்ணமிக் கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு மாலை அவரே எடுத்து வைத்தார். சீட்டு போட்டேன், என் பெட்டி. அவர் இரண்டைக் கவிழ்த்து வைத்தார். இருவர் கையையும் எண்ணி முடிப்பதற்கு முன் பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது விதி. நானே படித்துச் சொன்ன விதிதான். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருப்பினேன்.

ஒரு ராஜா, ஒரு ஒன்பது. சேர்த்தால் எனக்கு ஒன்றுக்கும் உதவாத இரண்டு சீட்டு.

"ஆடலாமா?" என்றார்.

"ஆடலாம்" என்றேன்.