ஷேர் ஆட்டோவில் ஒரு கருப்புப் பூனை

இன்று திருப்பதி விலங்குகள் காப்பகத்தில் ஒரு கருப்புப் பூனையைத் தத்தெடுத்தேன். நிறத்தைச் சொல்லி இரண்டு வீட்டார் அதைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்களாம்.

ரேணிகுண்டா ஷேர் ஆட்டோவில் கூடையோடு ஏறினேன். பக்கத்திலிருந்த அம்மாள் எட்டிப் பார்த்து, "பையனுக்குப் பொண்ணு பாக்கப் போய்க்கினு இருக்கேன், எறங்குங்க சார்" என்றார்.

டிரைவர் திரும்பினார். "குறுக்க போனா வண்டிய கொஞ்சம் நிறுத்திட்டுப் போவேன் சார். உள்ளயே உக்காந்துக்கினு வந்தா எங்க நிறுத்தறது? காப்பகத்துலயே விட்டுருங்க."

"இது குறுக்கே போகலையே, நம்மகூடத்தானே வருது" என்றேன். இறங்கவில்லை. அம்மாள்தான் இறங்கினார்.

பூனை இப்போது என் நாற்காலியில் தூங்குகிறது. மூன்றாவது முறை அது திரும்பிப் போகாது.

பெண் பார்க்கப் போகிறவர்கள் இனி எங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு போகட்டும். மாற்று வழி தெரிந்தவர்கள் அவர்களுக்குச் சொல்லுங்கள்.