இரண்டு மேசைக்கு நடுவே

மாடக்கண்ணுவுக்கு உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு காலைக் குத்தவைத்துத்தான் இருப்பார். கை கழுவின ஈரம் காயுமுன் வாசலில் சைக்கிள் மணி கேட்கும். "காலுல வெந்நிய ஊத்துன மாதிரி ஓடுதாரே, யாரு பிடிக்க வாரா?" என்பாள் மனைவி முப்பிடாதி.

வேலை அப்படி. வியாபாரிகளுக்கென்று அப்போது மூன்று ஆபீஸ்கள். விற்பனை வரிக்குத் தென்காசியில் ஒன்று. எடைக்கல்லுக்கு முத்திரை போட, அதே ஊருக்கு மேற்கே இன்னொன்று. லைசென்சுக்குச் செங்கோட்டையில் மூன்றாவது. திருவாங்கூர்க் காலத்து ஆபீஸ், ஐம்பத்தாறில் ஊரோடு சேர்ந்து மதராஸ் பக்கம் வந்தது. பாவூர்சத்திரத்துக் காய்கறி வியாபாரிக்கு ஒரு காகிதம் வேண்டுமென்றால் மூன்று இடத்திலும் கையெழுத்தாக வேண்டும். அந்தக் காகிதங்களோடு சைக்கிளில் அலைந்த பியூன் மாடக்கண்ணு. சீசன் வந்துவிட்டால் அதிகாரிகள் குற்றாலத்து பங்களாவில் முகாம் போடுவார்கள். ஃபைலை மெழுகுத்துணியில் சுற்றிக்கொண்டு அங்கேயும் போவார். போகும்போது எதிர்காற்று, முகத்தில் சாரல். திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும். அவருக்கு அது கொண்டாட்டம்.

ஐம்பத்தெட்டில் மூன்றையும் ஒரே துறையாக்கினார்கள். ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு நீள ஹால், எல்லாரும் அதற்குள். வியாபாரிகளுக்கு அலைச்சல் மிச்சம். சைக்கிள் சர்க்கார் சொத்து. அதைத் திருநெல்வேலிக்கு லாரியில் ஏற்றிவிட்டார்கள். மாடக்கண்ணுவுக்கு ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள்.

"சீசன் சமயத்துல மேலதிகாரி வருவார். ஒரே கூரைக்குள்ள ஃபைல் தூக்க ஒரு ஆள் எதுக்குன்னு கேப்பார். தேவையில்லைன்னு எழுதிட்டா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று புது ஆபீசர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். வீட்டில் நான்கு பிள்ளைகள். மூத்தது அப்போதுதான் ஹைஸ்கூலில் கால் வைத்திருந்தது.

அவருடைய வேலையைத் தாங்கி நின்றது ஒரு சண்டை. ஹாலில் இரண்டு தலைமை குமாஸ்தாக்கள். தென்காசி ஆபீஸிலிருந்து வந்தவர் நம்பிராஜன். செங்கோட்டையிலிருந்து வந்தவர் மாதேவன் பிள்ளை. இருவரில் யார் சீனியர் என்ற உத்தரவு மதராஸிலிருந்து வரவில்லை. எழுந்து அடுத்தவர் மேசைக்குப் போகிறவர் தன்னை இளையவர் என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். ஆகவே இருவரும் எழுவதில்லை. பேசுவதும் இல்லை. மேசைகளுக்கு நடுவே எட்டடி இருக்கும்.

"மாடக்கண்ணு, புளியரை லாரி ஃபைல் எங்கேன்னு அந்த மேசையில கேளும்" என்பார் நம்பிராஜன்.

"நீங்க சொன்னது அவங்க காதுலயே விழுந்திருக்குமே, சார்."

"நீரு போய்ச் சொன்னாத்தாம்வே விழுந்த மாதிரி."

பிள்ளை காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், மாடக்கண்ணுவைப் பார்த்துச் சொல்வதுபோல், "இன்னைக்கு இது மதி, இவ்வளவு போதும். மிச்சத்தை நாளைக்குக் கேக்கச் சொல்லும்" என்று ஒரு ஃபைலை நீட்டுவார்.

மாடக்கண்ணு அதை வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்குவார். கிணற்றைச் சுற்றி, வண்டிகள் நிற்கிற மைதானத்தைச் சுற்றி, முன்வாசல் வழியாக ஏறி வந்து நம்பிராஜன் மேசையில் வைப்பார்.

"என்னவே, பக்கத்து மேசைக்குச் செங்கோட்டை சுத்தியா வாரீரு?"

"பழகுன வழி, சார்."

ஹாலே சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார். ஸ்டூலில் உட்கார்ந்தால் கால் குறுகுறுக்கும். உட்காரவே பிடிக்காத அந்த ஸ்டூல் போய்விடுமோ என்ற பயத்தில் ராத்தூக்கமும் போயிற்று.

ஆனி பிறந்து சாரல் தொடங்கியது. மேலதிகாரி திங்கட்கிழமை வருகிறார் என்று சேதி. ஞாயிறன்று மாடக்கண்ணு மனசு தாளாமல் குற்றாலத்துக்கு நடந்தே போனார். பேரருவியில் நல்ல கூட்டம். எண்ணெய் வழியும் உடம்புகளுக்கு நடுவே, ஆளுக்கொரு துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு நம்பிராஜனும் பிள்ளையும். பாறை வழுக்கி பிள்ளை சரிந்தார். நம்பிராஜன் கையை எட்டிப் பிடித்தார்.

"பாத்து, பிள்ளைவாள்! அருவி சீனியர் ஜூனியர் எல்லாம் பாக்காது!"

"அது சரி, சாமி! தலையில இடி மாதிரியில்லா விழுது!"

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். இரண்டு பேர் சிரிப்பதைப் பார்த்து அவ்வளவு பயந்தவர் அந்தக் கூட்டத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. மாடக்கண்ணு குளிக்காமலே திரும்பினார்.

"அருவிக்குப் போன ஆளு தலைகூட நனையாம வந்து நிக்கீக?" என்றாள் முப்பிடாதி.

"ரெண்டு பேரும் பேசிட்டாங்கட்டி."

"நல்லதுதான?"

"நமக்கு இல்ல."

திங்கட்கிழமை மேலதிகாரி ஹால் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஸ்டூலைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். "இவர் எதுக்கு இங்கே?" என்று கேட்டார்.

நம்பிராஜன் கையில் ஒரு ஃபைல் இருந்தது. பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அருவிச் சிரிப்பு கொஞ்சம் அந்த முகத்தில் பாக்கி இருந்தது. நம்பிராஜன் நாற்காலியிலிருந்து அரையளவு எழுந்தார்.

நம்பிராஜன் மறுபடி உட்கார்ந்தார்.

"மாடக்கண்ணு! இதை அந்த மேசையில கொடும்."

அன்றைக்கு ஒருநாள் மட்டும் மாடக்கண்ணு கிணற்றைச் சுற்றவில்லை. நேரே போய்க் கொடுத்தார். மேலதிகாரி இரண்டு மேசையையும் மாறிமாறிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஆள் தேவை என்று எழுதிவிட்டுப் போனார்.

நம்பிராஜன் எழுந்திருக்கப் பார்த்தாரா, வேட்டியைத்தான் சரிசெய்தாரா, உட்கார்ந்தது வீம்பா இரக்கமா, மாடக்கண்ணு கடைசிவரை கேட்கவில்லை. வேலை நிரந்தரமாயிற்று. நான்கு பிள்ளைகளும் படித்தார்கள். அவர் ஸ்டூலிலேயே இருந்தார். உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் வலது கால் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும், மிதிக்கிற மாதிரி. ஸ்டூலின் குறுக்குச் சட்டம் அந்தப் பக்கம் மட்டும் தேய்ந்து குழிந்துவிட்டது.

அறுபத்து நான்கு ஆடியில் ஒரு மத்தியானம். நம்பிராஜன் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். மாடக்கண்ணு சுவரில் சாய்ந்தபடி இருந்தார். மடியில் ஃபைல். வலது காலின் ஆட்டம் நின்றிருந்தது.

இரண்டு மேசையிலிருந்தும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். பிள்ளை முதலில் வந்து சேர்ந்தார்.

யார் சீனியர் என்ற உத்தரவு அப்போதும் வந்திருக்கவில்லை.