மைதீன் பிச்சை ஓட்டாத விமானம்

வில்லியனூர் மைதீன் பிச்சை சமையற்காரராகத்தான் கப்பலேறினார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஜிபுத்தி நாட்டில் ஒரு அதிகாரி வீட்டில் அடுப்படி வேலை. எழுபத்தேழில் அந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து அதிகாரி மூட்டை கட்டியதும், புதிதாக ஏற்பட்ட விமானப்படையில் போய் ஒட்டிக்கொண்டார். விமானப்படை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இருந்த விமானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆடுகளுக்குத்தான் பஞ்சமில்லை. ஓடுதளத்தில் அவை பாட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அவற்றை விரட்டுவது மைதீன் பிச்சையின் உத்தியோகம். சீருடை உண்டு, தொப்பி உண்டு, கையில் ஒரு கழி. அந்த வேலை அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

சீருடையோடு விமானத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினாரா, வந்தது வினை. மனைவி ஆமினா பீவி அதைச் சட்டம் போட்டு மாட்டினாள். பார்த்தவர்கள் "பைலட்டா?" என்றார்கள். அவள் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான், ஊரே அவரைப் பைலட் பாய் ஆக்கிவிட்டது.

எண்பத்திரண்டில் மகள் கதீஜாவுக்குப் பாகூரில் மாப்பிள்ளை பேசிவிட்டு அவரை வரவழைத்தார்கள். பைலட் மகள் என்று சொல்லித்தான் பேசியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் மனுஷனுக்குத் திக்கென்றது.

"பொய் சொல்லிப் பொண்ணு குடுக்கறதா? நாளைக்கித் தெரிஞ்சா அவளத்தான குத்திக் காட்டுவாங்க? நான் சொல்லிடப் போறேன்."

"வாயத் தொறந்தீங்க, நான் கெணத்துல வுழுந்துடுவேன்" என்றாள் ஆமினா.

நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அத்தா, மளிகைக் கடை பஷீர் அகமது, ஜமாத்தார் முன்னால், "நம்ம சம்பந்தி பிளேன் ஓட்டறவரு" என்று ஆரம்பித்தார். மைதீன் பிச்சை எழுந்துவிட்டார்.

"இல்லீங்க. பிளேன் எறங்கறப்ப குறுக்க வர்ற ஆட்ட வெரட்டறவன் நான்."

கூடம் அதிரச் சிரித்தார்கள். "பெரிய மனுசன்னா இப்பிடித்தான் அடக்கமா பேசுவாரு" என்றார் ஒருவர். "அல்லா மேல ஆணையா..." என்று இவர் தொடங்குவதற்குள் பஷீர் அகமது கையைப் பிடித்துத் தோட்டத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"இன்னா பாய் நீங்க! எனக்குத் தெரியாதா? எம் மச்சான் ஜிபுத்தியிலதான் துணிக்கடையில இருக்கான். விசாரிக்காம பொண்ணு எடுப்பனா?"

"தெரிஞ்சேவா?"

"பொண்ணு நல்ல பொண்ணு, அது போதும் எனக்கு. ஆனா பைலட் வூட்டு சம்பந்தம்னு பாகூர் பூரா சொல்லிட்டேன். ஆடு கீடுன்னு எம் மானத்த வாங்காதீங்க. உங்க பொண்ணுக்கு எங்க வூட்ல ஒரு கொறையும் வராது. நீங்க மட்டும் கடைசி வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது."

உள்ளே கதீஜாவுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். மைதீன் பிச்சை தலையை ஆட்டினார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. சில வருஷம் கழித்து அவர் ஊரோடு வந்து சேர்ந்தபோது, டீக்கடையில் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். மேகத்துக்குள்ளே பிளேன் எப்படிப் போகும், பாய்? அவர் இருந்த அத்தனை வருஷத்தில் ஓடுதளத்தில் ஒரு ஆடுகூட அடிபட்டதில்லை. அதைச் சொல்லத்தான் அவருக்கு நாக்கு துடித்தது.

"நல்லா போகும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.