அண்ணியின் மெரூன் சூட்கேஸ்

அந்தப் பெட்டியின் இரண்டு பூட்டுகளில் இடது பக்கத்துப் பூட்டு மட்டும் திறக்கும்போதும் மூடும்போதும் சத்தம் போடும். வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் அந்த ‘டக்’ காதில் விழும். தினமும் காலையில் அண்ணி குளித்துவிட்டு வந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து அதை இழுத்து, ஒரு புடவையை எடுத்துக்கொண்டு, மறுபடி பூட்டி உள்ளே தள்ளுவாள். சாவி அவள் தாலிக்கயிற்றில் மாட்டிய ஊக்கில் தொங்கும். ஆவணியில் கல்யாணமாகி வந்தவள், சித்திரை பிறந்தும் பெட்டியைப் பிரித்து வைக்கவில்லை.

அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்கு அந்தச் சத்தம் கேட்டதும் முகம் சுருங்கிவிடும். இந்தப் பெண்ணுக்கு இங்கே இருக்க மனமில்லை என்பது அம்மாவின் முடிவு. அண்ணன் அறுவடை மெஷினோடு ஊர் ஊராகப் போய்விடுவான். அவன் இல்லாத நாளில் அண்ணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடவாசலில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விடுவாளோ என்ற பயம் அம்மாவுக்கு உள்ளுக்குள் இருந்தது. போதாததற்குப் பக்கத்து வீட்டுச் சின்னம்மா வேறு, “ஒம் மருமவ இன்னும் பொட்டியப் பிரிக்கலயாமே? எந்த பஸ்ஸுக்கு நிக்கிறா?” என்று கேட்டுச் சிரிப்பாள். அம்மா சிரிக்கமாட்டாள்.

எங்கள் பக்கத்தில் பெண்ணோடு கட்டிலும் பீரோவும் சீராக வரும். அண்ணி வீட்டாருக்கு அந்த வருடம் கதிர் மழையில் சாய்ந்து எல்லாம் போய்விட்டது. பீரோவுக்குப் பதில் அந்த சூட்கேஸ்தான் வந்தது. அம்மா அதைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருப்பதே மரியாதை என்று நினைத்திருந்தாள். அந்த மௌனத்தை அண்ணி எப்படி எடுத்துக்கொண்டாள் என்று எங்களில் யாரும் யோசிக்கவில்லை.

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள் நான்தான். கோடை விடுமுறையில் கொல்லிமலை அடிவாரத்தில் சாரணியர் முகாம். அப்பா சம்மதித்துவிட்டார். அம்மாவுக்குத்தான் மனசில்லை. “படிக்கத்தானே அனுப்புனோம், காட்டுல படுக்கவா?” என்று முனகிக்கொண்டே தன் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டைத் தேய்த்து வைத்தாள். முடிச்சுப் போட்டுப் பழகக் கயிறு வேண்டும் என்றேன். அப்பா கன்றுக்குட்டிக்கு வாங்கிய புதுக் கயிற்றைக் கொண்டுவந்து, “முடிச்சுப் போடுறதுக்குப் பள்ளிக்கூடமா? நம்ம கன்னுக்குட்டி தெனமும் அவுக்குது, அதுகிட்டயே கத்துக்க” என்றார். எல்லாம் சேர்ந்துவிட்டது. எதில் வைத்துக் கொண்டுபோவது என்பதுதான் தெரியவில்லை. ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் போர்வையை வைத்தால் தட்டு வெளியே நின்றது, தட்டை வைத்தால் போர்வை பிதுங்கியது. யூரியா சாக்கில் தைத்த பையை அம்மா நீட்டினாள்.

“இதத் தூக்கிட்டுப் போனா வயலுக்கு உரம் போடப் போறேன்னு நெனப்பாங்க. நான் போவல.”

“போவாட்டி போ. ரொம்ப நல்லதாப் போச்சு.”

இப்படி ஒரு சாக்குக்காகத்தான் அம்மா காத்திருந்தாள் போலிருந்தது. பருத்தி காய்ந்துகொண்டிருந்த வாசலுக்குப் போய்விட்டாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

அப்போதுதான் ‘டக்’ என்றது. நடு மத்தியானம், அது பெட்டி திறக்கிற நேரமே இல்லை. அம்மா மடியில் அள்ளிய பருத்தியோடு ஓடிவந்தாள். கட்டில் முழுக்கப் புடவைகள் கிடந்தன. அண்ணி கடைசிப் புடவையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா கெளம்புற?” அம்மாவின் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.

“நான் எங்க அத்தை கெளம்புறேன்? பாப்பாதான் கெளம்புது. அதான் பெட்டியக் காலி பண்றேன்.”

“அப்ப ஒன் துணியெல்லாம்?”

“மூட்டையாக் கட்டி மூலையில வச்சிக்கிறேங்க.”

“ஏன், பீரோ இல்ல?”

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். “அது உங்க பீரோங்க அத்தை. நானா கொண்டாந்தேன்?”

அம்மா மடியை விட்டுவிட்டாள். பருத்தி தரையெல்லாம் சிதறியது. “பீரோ கேட்டாடி ஒன்னயக் கட்டிட்டு வந்தோம்?” என்று சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. பீரோவைத் திறந்தாள். பட்டாக் காகிதம், என் சான்றிதழ்கள் எல்லாம் மேல்தட்டுக்கு ஏறின. “இந்த மனுசனுக்கு எதுக்கு இத்தன வேட்டி?” என்று அப்பாவின் வேட்டிகளைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். நடுத்தட்டு காலியானது. அண்ணியின் புடவைகளை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே நீவி அடுக்கினாள். அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பெட்டியை அடுக்கினோம். தட்டு அடியில், அதற்கு மேல் போர்வை, டார்ச், கன்றுக்குட்டிக் கயிறு, அம்மா சுட்ட முறுக்கு. அண்ணி சாவியை ஊக்கோடு கழற்றி என் சீருடையில் குத்திவிட்டாள். முதுகுப்பைகளுக்கு நடுவே அந்த சூட்கேஸோடு முகாமில் இறங்கியபோது, “கல்யாணப் பொண்ணு வந்துட்டாடி!” என்று கத்தினார்கள். முகாம் முடியும்வரை அதுதான் என் பெயர். எனக்கு அது பிடித்தே இருந்தது.

திரும்பி வந்து சாவியை நீட்டியபோது, “எனக்கு எதுக்கு பாப்பா? நீயே வச்சிக்க” என்றாள் அண்ணி. கல்லூரி விடுதிக்கும், முதல் வேலைக்கும் அந்தப் பெட்டி என்னோடுதான் வந்தது. இன்று நான் ஆசிரியை. இந்தக் கோடையில் என் மாணவிகளை முகாமுக்கு அழைத்துப் போகிறேன். போன வாரம் அதற்குச் சாமான் எடுக்க வீட்டுக்கு வந்திருந்தேன். பீரோவில் இப்போது அண்ணன் பிள்ளைகளின் துணி பிதுங்குகிறது. அதனால் காலையில் குளித்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, ஒரு புடவையை எடுத்துக்கொண்டு பூட்டி உள்ளே தள்ளினேன்.

அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு அண்ணி வந்து நின்றாள். “என்ன டீச்சர், எந்த பஸ்ஸுக்கு நிக்கிறீங்க?”

பீரோவைத் திறந்து தன் புடவைகளை ஓரமாகத் தள்ளினாள். “வையி.”

“நாளைக்கே கெளம்புறேன் அண்ணி.”

“திரும்பி வருவேல்ல?”

பெட்டியிலிருந்த என் புடவைகளை எடுத்து அவள் காட்டிய இடத்தில் வைத்தேன். முகாமுக்கு வேண்டியதை மட்டும் பெட்டியில் போட்டு மூடினேன். இடது பக்கத்துப் பூட்டு எப்போதும்போல் வீடு முழுக்கக் கேட்டது. அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.